சென்னைக்கு புதுசா குடி வந்தவங்களுக்கு: ட்ரையத்லான் பிராக்டீஸ் எங்கெங்க பண்ணலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா பண்ற ரேஸ்தான் ட்ரையத்லான். நான் கோயமுத்தூர்க்காரிங்க. வேலை மாறி சென்னைக்கு வந்தப்போ பெட்டி படுக்கையோட ஒரு ரோடு பைக்கும் நீச்சல் கண்ணாடியும்தான் வந்துச்சு, எங்க நீந்துறது எங்க ஓட்டுறதுன்னு ஒண்ணும் தெரியாது. அங்க ரேஸ் கோர்ஸ்ல ஓடி, மருதமலை ரோட்டுல சைக்கிள் மிதிச்சு பழகின காலு, இங்க வந்து மூணு மாசம் சும்மா கெடந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா தேடிக் கண்டுபிடிச்சேன். இப்ப புதுசா வர்றவங்க எல்லாரும் அதே கேள்விகளத்தான் என்கிட்ட கேக்குறாங்க, அதனால மொத்தமா இங்கயே எழுதி வச்சிடுறேன்.

இன்னும் வீடு பாக்கல. எந்த ஏரியால பாத்தா பிராக்டீஸுக்கு வசதி?

நல்ல நேரத்துல கேட்டீங்க, ஏன்னா பாதிப்பேரு வீடு பாத்து அட்வான்ஸ் குடுத்ததுக்கு அப்புறம்தான் இதையே யோசிக்கிறாங்க. முதல்ல நீச்சல் குளத்த முடிவு பண்ணுங்க, அப்புறம் வீடு. ஓடுறதுக்கு வாசல்ல ரோடு இருந்தா போதும், சைக்கிளுக்கு வாரத்துல ஒரு நாள் எவ்ளோ தூரம் வேணா போயிட்டு வந்துடலாம், ஆனா நீச்சலுக்கு வாரத்துல மூணு நாள் போகணும், அதுவும் ஆபீஸுக்கு முன்னாடி. குளம் ஒரு மணி நேர தூரத்துல இருந்தா முதல் மாசம் ஆர்வத்துல போவீங்க, ரெண்டாவது மாசம் வாரம் ஒரு தடவ ஆகும், மூணாவது மாசம் நின்னுடும். வீட்டுலேர்ந்து குளம் 20 நிமிஷத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு ஒரு கணக்கு வச்சுக்கோங்க.

நான் செஞ்ச தப்பையும் சொல்லிடுறேன். பழைய மகாபலிபுரம் ரோட்டுல ஒரு அப்பார்ட்மெண்ட், விளம்பரத்துல பெருசா 'ஸ்விம்மிங் பூல்'னு போட்டிருந்தாங்க. குடி வந்த அடுத்த நாள் போயி இறங்குனா, நீளம் 12 மீட்டர்தாங்க இருக்கும், வடிவம் வேற அவரைக்கொட்டை மாதிரி. ஹாஃப் அயர்ன்மேன்ங்கிற நீண்ட ட்ரையத்லானோட நீச்சல் தூரமான 1.9 கிலோமீட்டர நீந்தணும்னா அதுல 79 தடவ போயிட்டு வரணும், பாதி நேரம் செவுத்த தள்ளுறதுலயே போயிடும். அதனால வீடு பாக்கப் போறப்போ குளத்தோட நீளத்த காலால அளந்து பாருங்க. 25 மீட்டருக்கு கீழ இருந்தா அது குழந்தைங்களுக்கு, பிராக்டீஸுக்கு ஆகாது.

என்னைக் கேட்டா வேளச்சேரி, திருவான்மியூர், அடையாறு, பெசன்ட் நகர் இந்தப் பக்கம்தான் மூணுக்கும் சேத்து வசதி. வாடகை ஜாஸ்திதான், ஆனா தினமும் மிச்சமாகுற நேரத்த கணக்கு போட்டா பெருசா தெரியாது.

சரி, எந்தெந்த குளத்துல நீந்தலாம்?

முதல் பேரு வேளச்சேரி நீச்சல் வளாகம். 1995-ல இங்க நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக கட்டுனது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோடது. 50 மீட்டர் குளம், அதுதான் பெரிய விஷயம். 50 மீட்டர்ல நீந்திப் பழகினவங்களுக்கும் 25 மீட்டர்ல பழகினவங்களுக்கும் ரேஸ்ல வித்தியாசம் நல்லாவே தெரியும், ஏன்னா கடல்ல செவுரு கிடையாது, 25 மீட்டருக்கு ஒரு தடவ தள்ளி ஓய்வு எடுக்க முடியாது. ஒலிம்பிக் தூர ட்ரையத்லானோட நீச்சல் 1.5 கிலோமீட்டர்னா இங்க 30 நீளம், எண்றதுக்கும் சுலபம்.

பேட்ச் முறைலதான் விடுவாங்க, ஒரு பேட்ச் ஒரு மணி நேரம். காலைல முதல் பேட்ச்சுக்கு போங்க, தண்ணி சுத்தமா அசையாம கண்ணாடி மாதிரி இருக்கும். எட்டு மணிக்கு மேல கோச்சிங் பசங்க வந்துட்டா அவங்க லேன்ல குறுக்க போகாதீங்க, அந்த பசங்க தினமும் உயிரக் குடுத்து உழைக்கிறாங்க. கேப்பும் நீச்சல் உடையும் கட்டாயம், பெர்முடாஸ் போட்டுட்டு போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. வாரத்துல ஒரு நாள் பராமரிப்புக்கு மூடுவாங்க, பேட்ச் நேரமும் கட்டணமும் மாறிட்டே இருக்கும், அதனால ஒரு தடவ நேர்ல போயி போர்ட பாத்துட்டு வந்துடுங்க.

நடு சென்னைல இருந்தா நந்தனம் ஒய்எம்சிஏ இருக்கு. 1920-ல ஆரம்பிச்ச உடற்கல்வி கல்லூரி அது, உள்ள மரமும் நிழலுமா ஓடுறதுக்கும் நல்ல இடம். மெரினால மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கு, டிக்கெட் ரொம்ப கம்மி, ஆனா ஆழம் கம்மி, கோடை லீவுல கூட்டம் தாங்காது. தண்ணி பயம் போகட்டும்னு நினைக்கிற புது ஆளுங்களுக்கு அது அருமையான இடம், லேப் அடிக்கிறதுக்கு, அதாவது நிறுத்தாம இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நீந்துறதுக்கு இல்ல.

எனக்கு நீச்சலே தெரியாது. 35 வயசாச்சு. முடியுமா?

முடியுங்க. பெரியவங்களுக்குன்னே தனி பேட்ச் நடத்துற கோச்சுங்க இருக்காங்க. ஒரே ஒரு விஷயம், 'பதினஞ்சு நாள்ல நீச்சல்'னு சொல்றது மிதக்குறதுக்குதான். நிறுத்தாம 750 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போறதுக்கு பெரும்பாலானவங்களுக்கு ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகுது. மூச்சு விடுறதுதான் சிக்கல், கையும் காலும் இல்ல. தண்ணிக்குள்ள மூக்கால முழுசா வெளிய விட்டுட்டு வெளிய வந்தா தானா உள்ள இழுக்கும், இத வீட்டுல ஒரு பக்கெட் தண்ணில முகத்த வச்சே பழகலாம், நான் அப்படித்தான் பழகுனேன்.

கடல் பக்கத்துலயே இருக்கு, மெரினாலயோ பெசன்ட் நகர்லயோ இறங்கி நீந்தலாம்ல?

வேண்டாம். இத எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுவேன். மெரினால குளிக்கவே போலீஸ் விடமாட்டாங்க, அதுக்கு காரணம் இருக்கு. அலை உடைஞ்சு கரைக்கு வர்ற தண்ணி திரும்பி கடலுக்குள்ள போறப்போ ஒரு இடத்துல சேந்து ஆறு மாதிரி உள்ள இழுக்கும். அந்த இடம் பாக்குறதுக்கு அலையே இல்லாம அமைதியா இருக்கும், புதுசா வர்றவங்க 'இங்கதான் அலை கம்மி'ன்னு அங்கயே இறங்குவாங்க. தப்பித் தவறி மாட்டிக்கிட்டா கரையப் பாத்து நீந்தாதீங்க, எவ்ளோ பெரிய நீச்சல்காரரா இருந்தாலும் தோத்துடுவாங்க, கரைக்கு பக்கவாட்டுல கொஞ்ச தூரம் போயி அந்த இழுப்ப விட்டு வெளிய வந்துட்டு அப்புறம் கரைக்கு வாங்க.

பெசன்ட் நகர் பீச்சுல வெள்ளையா ஒரு வளைவு நிக்குதே, எல்லாரும் போட்டோ எடுக்குறது, அது 1930-ல கடல்ல தத்தளிச்சவங்கள காப்பாத்தப் போயி உயிர விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டோட நினைவுச்சின்னம். தினமும் காலைல அத சுத்தித்தான் ஓடுறோம். அந்தக் கல்லுல இருக்குறத ஒரு தடவயாவது நின்னு படிங்க.

அப்போ ஓபன் வாட்டர், அதாவது குளத்துக்கு வெளிய கடல் மாதிரி இடத்துல நீந்துற பிராக்டீஸே பண்ண முடியாதா? ரேஸ் கடல்ல இருக்கே?

பண்ணலாம், தனியா இல்ல. கோவளம் பக்கம் போங்க, சுத்தமான, பாதுகாப்பான பீச்சுக்கு குடுக்குற நீலக்கொடி சான்று 2021-ல கிடைச்ச பீச் அது, சர்ஃபிங் ஊரு, அலையப் பத்தி தெரிஞ்சவங்க கரைலயே இருப்பாங்க. அனுபவம் உள்ளவங்களோட, ஒரு படகோ கயாக்கோ கூட வர, இடுப்புல ஆரஞ்சு மிதவை கட்டிக்கிட்டு போகணும். இதுல எதுவும் இல்லன்னா அன்னைக்கு குளத்துக்கே போயிடுங்க.

இறங்குறதுக்கு முன்னாடி மீனவங்கள கேளுங்க. தெக்கேர்ந்து வடக்க ஓடுற நீரோட்டத்த தெண்டின்னு சொல்வாங்க, வடக்கேர்ந்து தெக்க ஓடுறத வன்னின்னு சொல்வாங்க. வருஷத்துல பாதி நாள் அப்படியும் வடகிழக்கு பருவமழை காலத்துல இப்படியும் ஓடும். ஒரு தடவ ஒரு பெரியவர் வலைய உதறிக்கிட்டே என்னைப் பாத்து "தண்ணி வேகமா கீதும்மா, இன்னைக்கு வாணாம்"னாரு. அன்னைக்கு தண்ணி எனக்கு சாதாரணமாத்தான் தெரிஞ்சுது. ஆனா கரைல நின்னு பாத்தேன், ஒரு காலி தேங்கா மட்டை நாங்க மெதுவா ஓடுற வேகத்துல வடக்க போயிட்டிருந்துச்சு. துணிய மடிச்சு பைல வச்சுட்டு திரும்பிட்டோம்.

ஜெல்லி ஃபிஷ் பத்தியும் கேட்டுக்கோங்க, அவங்க சொறின்னு சொல்வாங்க. சில மாசம் கரையெல்லாம் கெடக்கும், அப்ப இறங்கவே கூடாது.

இன்னொண்ணு, கடல்ல நீந்துறது பாதி கண்ணுல இருக்கு. எட்டு பத்து கைக்கு ஒரு தடவ தலைய முதலை மாதிரி லேசா தூக்கி முன்னாடி இருக்குற அடையாளத்த பாக்கணும், இல்லன்னா வளைஞ்சு வளைஞ்சு 300 மீட்டர் கூடுதலா நீந்திடுவீங்க. இத குளத்துலயே பழகலாம், அதுக்கு கடல் வேணாம்.

ஒட்டியம்பாக்கம் கல்குவாரில நீந்துறாங்களே?

ட்ரையத்லான் நீச்சல் அங்க நடந்திருக்கு, நல்ல தண்ணி, அலை கிடையாது, அதெல்லாம் நிஜம். ஆனா குவாரி ஏரி மாதிரி சரிவா ஆழம் ஆகாது, ரெண்டு அடி எடுத்து வச்சா மூணாவது அடில பல ஆள் ஆழம். சென்னைய சுத்தி குவாரில போன உயிர் கொஞ்சமில்ல. ஏற்பாடோட, உயிர்காக்குற ஆளுங்களோட ஒரு குழுவா போனா மட்டும் போங்க, ஞாயித்துக்கிழம ஃப்ரெண்டோட சும்மா போயி பாக்குற இடம் இல்ல அது.

சைக்கிள் எங்க ஓட்டுறது? இந்த டிராஃபிக்ல சாத்தியமா?

விடியக்காலம் நாலரை மணிக்கு வெளிய வந்து பாருங்க, இது வேற ஊரு. கிழக்குக் கடற்கரைச் சாலைதான் நம்ம மைதானம். திருவான்மியூர்லேர்ந்து மாமல்லபுரம் சுமார் 45 கிலோமீட்டர், போயிட்டு வந்தா 90, ஹாஃப் அயர்ன்மேனோட சைக்கிள் தூரம் அப்படியே வந்துடுது. புதுசா ஆரம்பிக்கிறவங்க முட்டுக்காடு பாலம் வரைக்கும் போயி திரும்புங்க. அந்த பாலத்துல ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க, ஒரு பக்கம் கடல்ல சூரியன் எழும்பும், இன்னொரு பக்கம் கழிமுகத்துல கூழைக்கடா, நாரையெல்லாம் நிக்கும். நான் இந்த ஊர எனக்கு சொந்தமா நெனைக்க ஆரம்பிச்சதே அந்த பாலத்து மேலதான்.

திருவான்மியூர்லேர்ந்து அக்கரை வரைக்கும் கடையும் பஸ்ஸும் குறுக்க ஓடுற ஆளுங்களும், அங்க வேகம் பாக்காதீங்க. அக்கரை தாண்டுனதும்தான் மிதிக்கிறதே. சுத்தி வரணும்னா பழைய மகாபலிபுரம் ரோட்டுல கேளம்பாக்கம் போயி, அங்கேர்ந்து கோவளம் போற ரோட்டுல உப்பளங்கள தாண்டி கடற்கரைச் சாலைக்கு வந்து திரும்பலாம்.

சனி ஞாயிறு காலைல பெரிய பைக்குகள் கூட்டமா பறக்கும், ராத்திரி முழிச்சு கார் ஓட்டிட்டு வர்றவங்களும் அதே நேரத்துலதான் வருவாங்க. பின்னாடி சிவப்பு லைட் பகல்லயும் எரியணும், ஹெல்மெட் இல்லாம ஏறவே கூடாது, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போங்க, ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல பேசிட்டே போறத விட்டுடுங்க. ஏழரை மணிக்குள்ள திரும்பி ஊருக்குள்ள வந்துடுற மாதிரி கணக்கு பண்ணிக்கோங்க. முடிச்சிட்டு எங்கயாவது ரெண்டு இட்லி, ஒரு பொங்கல், அந்த டேஸ்ட் வேற எப்பவும் வராது.

மலை இல்லையே, ஏத்தத்துக்கு என்ன பண்றது?

ஊருக்குள்ள பரங்கிமலை மட்டும்தான், சின்னது, திரும்பத் திரும்ப ஏறலாம். பெரிய ஏத்தம் வேணும்னா ஏலகிரி, சென்னைலேர்ந்து சுமார் 230 கிலோமீட்டர், ஜோலார்பேட்டை வரைக்கும் ரயில்ல போயிடலாம். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் பாரதியார், திருவள்ளுவர், பாரி, ஓரின்னு புலவர் பேரும் வள்ளல் பேரும் வச்சிருப்பாங்க. மூச்சு வாங்குறப்போ அடுத்தது யாருன்னு பாத்துக்கிட்டே ஏறிடலாம்.

மத்த நாள்ல காத்த வச்சு பழகுங்க. மார்கழி சமயத்துல வடகிழக்கு காத்து, மாமல்லபுரம் போறப்போ சுகமா தள்ளிவிடும், திரும்புறப்போ மூஞ்சிலயே அடிக்கும். போறப்போ வேகம் வந்துச்சுன்னு சக்திய செலவு பண்ணிட்டா திரும்புற 45 கிலோமீட்டர் அழ வச்சிடும்.

ஓடுறதுக்கு?

பெசன்ட் நகர் பீச் ரோடு, மெரினா நடைபாதை, அண்ணா நகர் டவர் பார்க், கோட்டூர்புரம் மரப்பூங்கா. பக்கத்துல எது இருக்கோ அது. மணல்ல வெறுங்கால்ல ஓடுறத முதல் வாரமே ஆரம்பிக்காதீங்க, கெண்டைக்கால் புடிச்சுக்கும். நாய்ங்க இருக்குற தெருவுல ஓட்டத்த நிறுத்தி நடந்து போங்க, தாண்டுனதும் ஓடலாம்.

தனியா ஒரு பொண்ணு விடியக்காலம் போறது பாதுகாப்பா இருக்குமா?

நான் நாலு மணிக்கு கிளம்புறவதான், அதனால நேராவே சொல்றேன். ஓட்டம், பெசன்ட் நகர், மெரினா மாதிரி அஞ்சு மணிக்கே வாக்கிங் கூட்டம் இருக்குற இடத்துல பயப்பட ஒண்ணுமில்ல. சைக்கிள்ல இருட்டுல கடற்கரைச் சாலைக்கு தனியா போறது இல்ல, கூட ரெண்டு பேராவது இருப்பாங்க. ஆளு கிடைக்காத அன்னைக்கு வீட்டுல ட்ரெய்னர்ல, அதாவது சைக்கிள நின்ன இடத்துலயே மிதிக்க வைக்கிற ஸ்டாண்டுல மிதிச்சுடுவேன். போன்ல லைவ் லொக்கேஷன் வீட்டுக்கு போயிட்டே இருக்கும், அம்மா கோயமுத்தூர்ல உக்காந்து அத பாத்துட்டு "ஏங்கண்ணு, இத்தன நேரம் ஒரே இடத்துல நிக்கற?"ன்னு கூப்புடுவாங்க, பாத்தா பஞ்சராயிருக்கும்.

ஓட்டத்தையும் சைக்கிளையும் பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்ல வீட்டு வாசல்லேர்ந்து ரூட் தெரியாத மாதிரி மறைக்கிற செட்டிங் இருக்கு, இன்னைக்கே போட்டுடுங்க. குளத்துல பெண்களுக்கு தனி பேட்ச் எப்போன்னு கேளுங்க. முழுக்கை, முழங்கால் வரைக்கும் வர்ற நீச்சல் உடை தாராளமா போடலாம், நீச்சல் துணில தச்சதா இருந்தா போதும்.

இந்த வெயிலும் புழுக்கமும் தாங்கல. முன்னாடி இருந்த ஊர்ல ஓடுன வேகத்துல பாதி கூட வரல.

உங்க உடம்புல கோளாறு இல்ல, காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை காயாது, காஞ்சாத்தானே உடம்பு குளிரும்? நான் வந்த புதுசுல 10 கிலோமீட்டர் ஓடி முடிக்கறப்போ ஷூ சளக் சளக்குனு சத்தம் போடும், கழட்டி கவுத்தா நிஜமாவே தண்ணி சொட்டும். உடம்பு பழகுறதுக்கு ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் வாட்ச்ச பாக்காம மூச்சப் பாத்து ஓடுங்க.

ஓடுறதுக்கு முன்னாடியும் துண்டால தொடச்சிட்டு பின்னாடியும் எடை பாருங்க. ஒரு மணி நேரத்துல ஒரு கிலோ குறைஞ்சா ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கு. வெறும் தண்ணியா குடிச்சா போதாது, உப்பும் வேணும். உப்பு போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ எனக்கு கடைல விக்கிற பொடிய விட நல்லா ஒத்துக்குது. அக்னி நட்சத்திரம் நடக்குற மே மாசத்துல நீளமான ஓட்டம் வேண்டாம், நீச்சல கூட்டிக்கோங்க. தலை சுத்தி, வேர்வை நின்னு, குளிர் மாதிரி இருந்துச்சுன்னா அன்னைக்கு அதோட முடிச்சுக்கோங்க, நிழல்ல படுத்து தலைல தண்ணி ஊத்துங்க. சரியாகலன்னா உடனே ஆஸ்பத்திரி.

மழைக்காலத்துல?

அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் திட்டம் உடையும், அதுக்காக வருத்தப்படாதீங்க. தண்ணி தேங்குன ரோட்டுல சைக்கிள் கூடவே கூடாது, குழி எங்க, மூடி இல்லாத பள்ளம் எங்கன்னு தெரியாது. இடி மின்னல்னா குளத்துலேர்ந்தும் ஏறிடணும். மழை விட்டதும் ஜனவரி, பிப்ரவரிதான் சென்னைல வருஷத்துலயே நல்ல நேரம், பெரிய தூரத்த அப்ப வச்சுக்கோங்க.

கூட பிராக்டீஸ் பண்ண ஆளுங்கள எங்க புடிக்கிறது?

சென்னை ரன்னர்ஸுக்கு ஏரியாவுக்கு ஒரு குழு இருக்கு, காலைல போயி சேந்து ஓடலாம். சென்னை ட்ரெக்கிங் கிளப் ட்ரையத்லானும் நடத்திருக்காங்க, தண்ணி பயம் இல்லாத ஆளுங்க அங்க நிறைய. நீண்ட தூர சைக்கிளுக்கு மெட்ராஸ் ராண்டனர்ஸ், 200 கிலோமீட்டர பதிமூன்றரை மணி நேரத்துல முடிக்கிற மாதிரி சவாரி நடக்கும், வேகமில்ல, விடாம மிதிக்கிறத கத்துக்கலாம். இவங்க யாருமே கிடைக்கலன்னா நல்ல சைக்கிள் கடை மெக்கானிக்க கேளுங்க, யாரு எந்த ரோட்டுல எத்தன மணிக்கு போறாங்கன்னு அவருக்கு தெரியாதது இல்ல. ஸ்ட்ராவா ஹீட்மேப்பும் பாருங்க, நிறைய பேரு போற ரோடு பளிச்சுன்னு தெரியும்.

முதல் ரேஸுக்கு எந்த தூரம்?

ஸ்ப்ரிண்ட். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அடுத்தது ஒலிம்பிக், 1.5, 40, 10. அதுக்கு மேலதான் 1.9, 90, 21.1. 2019-லேர்ந்து கோவால இந்த ஹாஃப் அயர்ன்மேன் நடக்குது, நீச்சல் கடல்ல, நம்ம ஊர் ஆளுங்க நிறைய போறாங்க. அதுக்கு நேரா தாவாதீங்க. பாக் நீரிணைய 1994-ல 12 வயசுல நீந்துன குற்றாலீஸ்வரன் நம்ம ஊர்க்காரர்தான், அவரும் குளத்துல லேப் அடிச்சுட்டுதான் கடலுக்கு போனாரு.

சைக்கிள் மிதிச்சு முடிச்ச கையோட இறங்கி ரெண்டு கிலோமீட்டர் ஓடுறத மட்டும் வாரம் ஒரு தடவ பண்ணுங்க. முதல் தடவ கால் மரக்கட்டையா இருக்கும், நாலாவது வாரம் அதுவே பழகிடும்.

சென்னை இல்ல, மதுரைக்கோ திருச்சிக்கோ போறேன்.

அதே வழிதான். மாவட்ட விளையாட்டரங்கத்துலேர்ந்து ஆரம்பிங்க, மதுரைல ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியம், திருச்சில அண்ணா ஸ்டேடியம். சைக்கிளுக்கு சென்னைய விட அங்கதான் ரோடு காலி.

நேத்துதான் வந்து இறங்குனேன். இந்த வாரம் என்ன பண்ணட்டும்?

சைக்கிள பெட்டிலேர்ந்து எடுத்து மாட்டுங்க, கடல் காத்துக்கு செயின் ரெண்டே நாள்ல துரு புடிக்கும், எண்ணெய் போட்டு வைங்க. ஒரு நாள் சாயங்காலம் குளத்துக்கு போயி பேட்ச் நேரம் எழுதிட்டு வாங்க. ஞாயித்துக்கிழம அஞ்சரை மணிக்கு பெசன்ட் நகர் ஷ்மிட் நினைவுச்சின்னம் பக்கத்துல ஷூ மாட்டிட்டு நில்லுங்க, யாராவது ஒரு கூட்டம் வார்ம் அப் பண்ணிட்டிருக்கும், "ஊருக்கு புதுசுங்க, நானும் வரட்டுமா?"ன்னு கேளுங்க. என்னையும் அப்படித்தான் ஒரு அக்கா கூப்புட்டு சேத்துக்கிட்டாங்க, இன்னைக்கும் ஞாயிறு காலைல அவங்களோடதான் ஓடுறேன்.